தங்கக் கோடு எந்தப் பக்கம்?

இந்த நேரத்தில் நம்ம காலேஜ் குரூப்பில் எழுதுவதற்கு எல்லோரும் மன்னிக்கணும். மணி பன்னிரண்டரை. போன் சத்தத்தில் யார் வீட்டுக் குழந்தையாவது எழுந்திருந்தால் என்னைத் திட்டிக்கொள்ளுங்கள். பகலில் உட்கார நேரமில்லை. விடிந்ததும் ஒரு படிவத்தைக் கொடுத்தாக வேண்டும்.

என் மகள் யாழினியின் பள்ளியில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எலக்ட்ரானிக்ஸ் கிளப் தொடங்குகிறார்கள். பேட்டரி, எல்.இ.டி., சின்னச் சின்ன ஒயர்... அதற்குப் பெற்றோர் சம்மதம். மூன்று நாளாகப் படிவம் என் பையிலேயே கிடக்கிறது. கையைச் சுட்டுக்கொள்வாளோ, எதையாவது வாயில் போடுவாளோ... நான் எப்படிப்பட்ட பயந்தாங்கொள்ளி என்று உங்களுக்குத் தெரியும்.

சாயங்காலம் அவள் டிவி ரிமோட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "தொடாத, குடு இங்க" என்று பிடுங்கினேன். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

அப்போது நம்ம காலேஜ் லேப் வாசனை அடித்தது எனக்கு... சூடான சோல்டர் புகை, பழைய மரப்பலகை, ஃபேன் காற்றில் புரளும் ரெக்கார்டு நோட்டு. அங்கே நானும் அப்படித்தான் நிற்பேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

ஒரு மேஜைக்கு மூன்று பேர். எங்கள் மேஜையில் பிரபு, ஜெனிட்டா, நான். பிரபு ஒயர் மாட்டுவான், நாங்கள் ரீடிங் எழுதுவோம். எல்லா மேஜையிலும் அதுதான் வழக்கம். பிரபு நல்லவன், கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது. "ஒங்க கையெழுத்து நல்லா இருக்குல்ல, நீங்க எழுதுங்க. இத நான் பாத்துக்கிறேன்" என்பான். எனக்கும் அது வசதியாக இருந்தது. ரெசிஸ்டர் படத்தை அச்சு மாதிரி வரைவேன். ஆனால் ஒரு ரெசிஸ்டரைக் கையில் பிடித்ததில்லை.

மூன்றாம் வருடம் பிராக்டிகலுக்குப் பதினைந்து நாள் முன்பு சொன்னார்கள், இந்த முறை ஒவ்வொருவரும் தனியாக மாட்டிக் காட்டணும் என்று. ஃபெயிலானால் அரியர். அரியர் இருந்தால் கேம்பஸ் இன்டர்வியூவில் உட்கார முடியாது. அலங்காநல்லூர் பஸ்ஸில் வீடு போய்ச் சேரும் வரை ரெக்கார்டு நோட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் ஜெனிட்டாவும் நானும் டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு சந்தில் பார்ட்ஸ் கடைக்குப் போனோம். பென்சிலால் மார்ஜின் போட்டு, மேலே 'நோக்கம்', கீழே 'தேவையான பொருட்கள்' என்று எழுதிய தாளை நீட்டினேன். வேறு மாதிரி லிஸ்ட் எழுத எனக்குத் தெரியாது.

கடைக்காரர் அதை மேலும் கீழும் பார்த்தார். "என்னம்மா, நான் கையெழுத்துப் போட்டு மார்க் குடுக்கணுமா?"

"பொருள் குடுத்தாப் போதும்ணே" என்றாள் ஜெனிட்டா.

"ரெசிஸ்டரெல்லாம் கலந்து கெடக்கு. கலரப் பாத்து நீங்களே பிரிச்சுக்கங்க."

ஜெனிட்டா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் கொட்டிப் பொறுக்கினோம். எங்களுக்கு முந்நூறு ஓம்ஸ் வேண்டும். ரெசிஸ்டர் மேல் இருக்கும் கலர் கோடுகளில் அது ஆரஞ்சு, கறுப்பு, பிரௌன். அது மட்டும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம். ஒன்றை எடுத்து, பேட்டரியோடும் எல்.இ.டி.யோடும் மாட்டினோம்.

எரியவில்லை.

எல்.இ.டி.யைத் திருப்பிப் போட்டோம். புது பேட்டரி வாங்கி வந்தோம். மறுபடி முதல் மாதிரியே மாட்டினோம். ஒன்றும் இல்லை. "பேசாம பிரபுவ வரச் சொல்லவா?" என்று போனை எடுத்துவிட்டாள் ஜெனிட்டா. எனக்கு அழுகை முட்டியது.

அந்த நேரம் அவள் அம்மா, "வெயிலு என்னமா அடிக்குது, ரெண்டு கழுதைகளும் மூஞ்சியக் காட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கீக" என்று ஜன்னல் கதவைச் சாத்தினார். அறை இருட்டானது.

மேஜையில் ஒரு சிவப்புப் புள்ளி. குண்டூசித் தலை அளவுக்கு.

"ஏய்... எரியுதுடி" என்றாள் ஜெனிட்டா மெதுவாக. "இம்புட்டு நேரமும் எரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்திருக்கு."

அப்புறம்தான் புத்தகத்தைப் பிரித்தோம். தங்கக் கோடு கடைசியில் வரணுமாம். நாங்கள் அதை முன்னால் வைத்து, தலைகீழாகப் படித்திருக்கிறோம். முந்நூறு என்று நினைத்து மாட்டியது பத்தாயிரம். கரண்டைச் சொட்டுச் சொட்டாகத்தான் விட்டிருக்கிறது.

"தங்கம்னா முன்னாடிதானடி வைப்பாக?" என்றாள் ஜெனிட்டா. அவள் அம்மாவுக்கு என்ன ஏதென்று புரியாமலே சிரிப்பு வந்துவிட்டது.

அந்தப் பதினைந்து நாளில் நாங்கள் கெடுத்த பார்ட்ஸ் கொஞ்சநஞ்சமில்லை. ஒரு கெபாசிட்டரை மாற்றி மாட்டி, அது பட்டென்று வெடிக்க, அந்த நாற்றம் போக ஊதுபத்தி ஏற்றினோம். ஆனால் பிராக்டிகல் அன்று என் சர்க்யூட் முதலில் வேலை செய்யாதபோது நான் யாரையும் கூப்பிடவில்லை. ஒவ்வொரு ஒயராகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒன்று லூஸாக இருந்தது. அழுத்தினேன். அவ்வளவுதான்... பாஸ்.

அந்தச் சந்தில் இப்போது போன் கவர் கடைகள்தான் அதிகம். ஆன்லைனில் வாங்கினால் ரெசிஸ்டர்கள் பட்டை பட்டையாக, மதிப்பு அச்சடித்தே வருகின்றன. யாரும் மேஜையில் கொட்டிப் பொறுக்க வேண்டாம். தப்பாக மாட்டினால் ஏன் என்று சொல்ல ஆயிரம் வீடியோ. நமக்குக் கிடைத்ததைவிட எவ்வளவோ மேல். யாழினிக்குக் குறுக்கே நிற்பது நான் ஒருத்திதான்.

இதை எழுத ஆரம்பிக்கும் முன் கையெழுத்துப் போடவில்லை. இப்போது போட்டுவிட்டேன்.

கீழே இன்னொரு வரி இருக்கிறது. 'சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு உதவ வர முடியுமா?' அந்தக் கட்டம் இன்னும் காலி. தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, இரண்டு பேர் என்றால் போய்விடுவேன்.

ஜெனிட்டா, நீ வருவியா? ஏழரைக்கு ஸ்கூல் வேன். அதற்குள் பதில் போடு.