உறக்கத் தீர்வை எழுதிய பெரியண்ணன்

ஆலங்குடி தாலுகா ஆபீசுக்குப் பின்னால், கம்பி வேலி போட்ட சின்ன இடத்தில் மழைமானி ஒன்று நட்டிருந்தது. காலையில் அதைத் திறந்து, எவ்வளவு மழை பெய்திருக்கிறது என்று பார்த்து எழுதுவது குமாஸ்தா பெரியண்ணனின் வேலைகளில் ஒன்று. 1948-இல் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தபோது ஆபீசில் முத்திரை மாறியது, கொடி மாறியது. மழைமானி மட்டும் அப்படியே இருந்தது. அதையடுத்து வந்த வறட்சி வருடங்களில் திறந்து பார்த்தால் உள்ளே தூசிதான் கிடக்கும். சில நாள் எறும்பு ஊரும். 'இல்லை' என்று எழுதிவிட்டு வருவார்.

நிலத் தீர்வை தள்ளுபடி கேட்டு ஆபீஸ் வாசலில் காத்துக் கிடக்கும் குடியானவர்கள், அவர் அந்த வேலிக்குள் போய் வருவதைப் பார்த்தால் எழுந்து நிற்பார்கள். "ஏதும் விழுந்துருக்குங்களா?" என்று கேட்பார்கள். வானத்தைப் பார்த்தால் தெரியாதா என்று அவருக்குத் தோன்றும். ஆனால் ஒருநாளும் வாய்விட்டு அப்படிச் சொன்னதில்லை. "இன்னைக்கு இல்லைங்க" என்பார். நாளைக்கு இருக்கலாம் என்பதுபோல அது ஒலிக்கும்.

அந்த முகங்களிலிருந்துதான் அவருடைய நாவல் பிறந்தது. 'உறக்கத் தீர்வை' என்று பெயர். வருங்காலத்தில் நடக்கிற கதை. கண்மாய்களெல்லாம் வற்றிப்போன ஒரு தேசத்தில் ஒரு விஞ்ஞானி இயந்திரம் கண்டுபிடிக்கிறான். மனிதன் தூங்கும்போது மூளையில் எழும் அதிர்வைச் செப்புப் பட்டையால் பிடித்து வானத்தில் செலுத்தினால் மேகம் திரண்டு மழை பெய்யும்; பிடிபட்ட உறக்கம் அந்த மனிதனுக்குத் திரும்பக் கிடைக்காது. சர்க்கார் உடனே ஒரு வரி போடுகிறது. நிலத்துக்குத் தீர்வை கட்டுவதுபோல ஒவ்வொரு குடும்பமும் இனி உறக்கத்தில் இவ்வளவு என்று கட்ட வேண்டும். மழை கொட்டுகிறது. களத்தில் நெல் மலையாகக் குவிகிறது. ஆனால் உறக்கம் கொடுத்தவர்களுக்குக் கனவு நின்றுபோகிறது. பிறகு சிரிப்பு நிற்கிறது. பெற்ற பிள்ளையைப் பார்த்து, "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று தாய் கேட்கிறாள். இவ்வளவையும் தீர்வை வசூலிக்கும் ஒரு குமாஸ்தா, கோபமோ அழுகையோ இல்லாமல், ஆபீஸ் குறிப்பு எழுதுகிற நடையில் சொல்லிக்கொண்டு போகிறான்.

முதலில் வாசித்தவள் மனைவி சொர்ணவல்லி. வாசித்து முடித்துவிட்டு அடுப்படியிலிருந்து வந்து அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இதை எழுதுன மனுசனோடயா நான் இத்தன வருசம் குடும்பம் நடத்துனேன்?"

"நல்லா இல்லையா?"

"நல்லா இருக்குறதுனாலதான் கேக்குறேன். உங்க மொகத்தைப் பார்த்தா ஒரு கோழிய வெரட்டுற ஆளாக்கூடத் தெரியல. உள்ளுக்குள்ள இம்புட்டு இருட்டை எங்க வச்சிருந்தீங்க?"

அன்று முழுக்க அவர் உள்ளுக்குள் குளிர்ந்துபோய் இருந்தார்.

புதுக்கோட்டையில் ஒரு சிறிய அச்சகத்தார் 1957-இல் அதைப் புத்தகமாகப் போட்டார்கள். சில மாதம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு சென்னையிலிருந்து வரும் மாதப் பத்திரிகை ஒன்றில் அரைப் பக்கம் மதிப்புரை வந்தது. 'தமிழில் விஞ்ஞானக் கதை என்றால் ராக்கெட் ஏறிப் போய்த் திரும்பி வருவதுதான் என்று நினைத்திருந்தோம். இந்த ஆசிரியர் நம்மை ஒரு தாலுகா ஆபீசுக்குள்ளேயே உட்கார வைத்து நடுங்க வைக்கிறார்' என்று எழுதியிருந்தார்கள். திருச்சிப் பத்திரிகை ஒன்று மட்டும், விஞ்ஞானத்தின் மேல் ஜனங்களுக்கு வீண் பயத்தை உண்டாக்கும் நூல் என்று கடிந்துகொண்டது. மற்றவை எல்லாம் பாராட்டுத்தான். பெரியண்ணன் பத்திரிகையை மடித்து மேசை டிராயருக்குள் வைப்பதும், எடுத்துப் பார்ப்பதுமாக இருந்தார்.

விஷயம் தாசில்தார் ரெங்கசாமி காதுக்கு எட்டியது. கூப்பிட்டு அனுப்பினார். சர்க்காரைக் கேலி செய்து எழுதியதாக ஆகிவிடுமோ என்று பயந்துகொண்டே பெரியண்ணன் போனார். தாசில்தார் மேசையில் அந்தப் புத்தகம் கிடந்தது.

"அந்தத் தீர்வை அதிகாரி, பொடி போட்டுக்கிட்டுத் தும்முறதுக்கு முன்னால 'அடுத்த ஆள்'னு கூப்புடுறானே, அது நான்தானே?"

"ஐயையோ, இல்லைங்க சார். அது சும்மா கற்பனைங்க."

"கற்பனையா? என் சம்சாரம் படிச்சுப்புட்டு ஒரே பிடியா நீங்கதான்கிறா." பொடி டப்பியை விரலால் தட்டினார். "அவன் கெட்டவனா நல்லவனா, அதை மட்டும் சொல்லும்."

பெரியண்ணன் யோசித்தார். "கெட்டவன் இல்லைங்க சார். உத்தரவை ஒழுங்கா நிறைவேத்துறவர். அதான் கதையில பயமே."

தாசில்தார் ஒரு சிட்டிகைப் பொடியை உறிஞ்சினார். பிறகு, "நல்லாத்தான் எழுதியிருக்கீரு. போம்" என்றார்.

அடுத்த வருடம் புதுக்கோட்டையில் இலக்கிய அன்பர்கள் சேர்ந்து ஒரு விமர்சனக் கூட்டம் வைத்தார்கள். பேச வந்தவர் சிவசாமி, கல்லூரியில் தமிழ் விரிவுரையாளர். எந்தப் புத்தகத்தையும் லேசில் புகழாதவர் என்று பெயர் எடுத்தவர். பெரியண்ணன் முன் வரிசையில் சொர்ணவல்லிக்குப் பக்கத்தில், சலவை வேட்டி கசங்காமல் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

சிவசாமி எடுத்த எடுப்பிலேயே புகழ்ந்தார். "பயங்கரத்தைச் சொல்லும்போது நம்ம ஆளுங்க குரலை உயர்த்துவாங்க. இவர் குரலைத் தாழ்த்துறார். தாய் பிள்ளையை மறக்கிற இடத்தை எப்படி எழுதியிருக்கார் பாருங்க, ஏதோ பட்டா மாறுதல் மாதிரி! அந்த ஒரு பக்கத்துக்காகவே இதை நான் என் மாணவர்களுக்குச் சொல்லித்தரப் போறேன்." அப்புறம் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரே ஒரு குறை. கடைசி அத்தியாயத்தில இயந்திரம் பழுதாகுது, எல்லாரும் தூங்கிப்போறாங்க, சுபம். ஆசிரியர் அங்கே மட்டும் நம்மமேல இரக்கப்பட்டுட்டார். அந்த இரக்கம் அவருடையது, கதையுடையது இல்லை."

பெரியண்ணனுக்குச் சுருக்கென்றது. அந்த அத்தியாயத்தை எழுதும்போது தன் கையே கூசியது அவருக்கு ஞாபகம் வந்தது.

கேள்வி நேரத்தில் பின் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். துண்டை இடுப்பில் கட்டியிருந்தார். கந்தர்வக்கோட்டைப் பக்கம் விவசாயம், பெயர் வீரய்யா என்றார். ஊர் வாசகசாலையில் புத்தகத்தை வாங்கிப் படித்தாராம்.

"எல்லாரும் பயங்கரம் பயங்கரம்ங்கிறீங்க. இதுல பயப்பட என்னங்க இருக்கு? கெணறு வத்துன வருசம் நான் எங்கங்க தூங்குனேன்? மோட்டுவளையப் பார்த்துக்கிட்டு முழிச்சேதான் கெடந்தேன். அம்புட்டுத் தூக்கமும் சும்மா போச்சு. அந்த மிசினு இருந்திருந்தா, போன தூக்கத்துக்கு மழையாச்சும் கெடச்சிருக்குமே! நாளைக்கே கொண்டாந்தாங்கன்னா மொதக் கையெழுத்து எனதுதாங்க."

கூட்டத்தில் சிலர் சிரிக்க நினைத்து அடக்கிக்கொண்டார்கள். சிவசாமி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு வீரய்யாவை ஆசையோடு பார்த்தார். "ஐயா சொன்னதைக் கேட்ட பிறகு இந்தப் புத்தகம் எனக்கு இன்னும் பெரிசாத் தெரியுது" என்றார். ஆசிரியர் பதில் சொல்வார் என்று எல்லோரும் முன் வரிசையைப் பார்த்தார்கள். பெரியண்ணன் எழுந்து, "நான் யோசிக்கணும்ங்க" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார்.

யோசனை அவரை விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் கந்தர்வக்கோட்டைக்கே போய்விட்டார். வீரய்யா முந்திரிக்காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய், அதற்கு அப்பால் இருந்த தன் கடலைக் காட்டையும், தூர்ந்துபோன கிணற்றையும் காட்டினார். பனையோலைப் பட்டையில் பதநீர் ஊற்றிக் கொடுத்தார்.

"அன்னைக்குச் சொன்னீங்களே, நெசமாவே கையெழுத்துப் போடுவீங்களா?"

"பொய்யா சொல்லுவேன்? என் பேருக்குத் தாராளமாப் போடுவேன்." வீரய்யா குனிந்து ஒரு கடலைச் செடியைப் பிடுங்கி, வேரில் காய் பிடித்திருக்கிறதா என்று பார்த்தார். "பிள்ளைக பேருக்கு மட்டும் போட மாட்டேன். அதுக தூங்கட்டும்."

திரும்பி வரும் பஸ்ஸில் பெரியண்ணனுக்குக் கடைசி அத்தியாயம் கிடைத்துவிட்டது. அவர் அன்றாடம் பார்க்கிற சர்க்கார் மனுக்களில் குடும்பத் தலைவர் கையெழுத்துக்கு ஒரே ஓர் இடம்தான் உண்டு. அந்தக் கையெழுத்து குடும்பம் மொத்தத்துக்கும் சேர்த்துத்தான்.

1960-இல் வந்த இரண்டாம் பதிப்பில் இயந்திரம் பழுதாகவில்லை. ஒரு விவசாயி, தான் விழித்திருந்தால் பிள்ளைகள் தூங்கலாம் என்று நம்பிச் சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுகிறான். செப்புப் பட்டையோடு ஆட்கள் வீட்டுக்குள் போய்த் தொட்டிலைத் தேடுகிறார்கள். தீர்வை அதிகாரி 'அடுத்த ஆள்' என்கிறான். அதோடு கதை முடிந்தது.

மதிப்புரைகள் முன்னைவிடக் கூடின. முதல் புத்தகத்திலேயே இப்படி ஒரு முடிவை எழுதத் துணிந்தவர் தமிழில் அபூர்வம் என்றது சென்னைப் பத்திரிகை. சிவசாமி நீண்ட கட்டுரையே எழுதினார். தான் சொன்ன குறையைத் தீர்த்தது தன் விமர்சனம் அல்ல, ஒரு வாசகரின் கையெழுத்து என்று அதில் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். சொர்ணவல்லி புது அத்தியாயத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தாள். பாயில் படுத்திருந்த சின்ன மகளின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

பெரியண்ணன் பிறகு இன்னொரு நாவல் எழுதினார். உப்பளத்தைப் பற்றியது. மரியாதையாகப் படித்தார்கள், சீக்கிரம் மறந்தார்கள். அவருக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. ஹெட் குமாஸ்தாவாக உயர்ந்தார். ஆபீசுக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் "உறக்கத் தீர்வை எழுதுனது நீங்கதானா?" என்று கேட்கும்போது மட்டும் காது சிவக்கும்.

ஆனால் அவர் எப்போதும் சொல்லிக்கொண்டிருந்த விமர்சனம் அச்சில் வராத ஒன்று. இரண்டாம் பதிப்பு வந்த சில வாரத்தில் ஒரு மத்தியானம், வீரய்யா தாலுகா ஆபீசுக்கே வந்து நின்றார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"ஏங்க, அந்த மனுசன இப்படி ஏமாத்திப்புட்டீங்களே! நம்பித்தானே கையெழுத்துப் போட்டான்?"

பெரியண்ணன் பேனாவைக் கீழே வைத்தார். "ஆமாங்க."

"அப்பறம் அந்தப் பிள்ளைக என்ன ஆச்சு? தொட்டில்ல கெடந்த பச்சப்பிள்ளய என்ன செஞ்சாங்க?"

"தெரியலைங்க."

"எழுதுன நீங்களே தெரியலைன்னா நான் யாருகிட்டப் போயிக் கேக்குறது?" வீரய்யாவின் குரல் உடைந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பெரியண்ணன் எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார். "வாங்க, அங்கிட்டுப் போயி ஒரு காப்பி குடிப்போம்" என்றார். எதிர்க் கடை பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். வீரய்யா காப்பியைத் தொடாமல், அந்தப் பிள்ளைகளை யாராவது ஒளித்து வைத்திருக்கலாம், ஊரில் அப்படி ஒரு கிழவியாவது இல்லாமலா போய்விடுவாள் என்று வாதாடிக்கொண்டே இருந்தார். பெரியண்ணன் ஒவ்வொன்றுக்கும், "இருக்கலாம்ங்க, இருக்கலாம்" என்று தலையாட்டினார்.