கல்லடியிலிருந்து கொழும்புக்கு: விசா நேர்முகமும் இல்லாத ஒரு கல்யாணமும்

வெளிநாட்டில் படிக்க விண்ணப்பித்திருக்கும் பிள்ளைகள் சிலர், "விசா நேர்முகத்துக்கு எப்படித் தயாரானீங்க அக்கா?" என்று எழுதிக் கேட்கிறார்கள். நான் தயாரான விதத்தைக் கேட்டால் எழும்பி ஓடிவிடுவீர்கள். இருந்தாலும் எழுதுகிறேன். சண்டைக் காலம் அது. எனக்கு இருபது வயது. நீருயிரியல் படிக்க ஒரு குளிர்நாட்டுப் பல்கலைக்கழகம் முழு உதவித்தொகையோடு இடம் தந்திருந்தது. மாத முடிவுக்குள் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் வேறொருவருக்கு. கொழும்பில், தூதரகத்தில் நேர்முகம் வியாழன் காலை ஒன்பதரைக்கு. தவறவிட்டால் அடுத்த திகதிக்கு ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். அதாவது, எல்லாம் முடிந்தது.

வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். அப்பா நான் சின்னவளாக இருக்கும்போதே காய்ச்சலில் போய்விட்டார். அம்மா புளியந்தீவில், மாவட்டச் செயலகமான கச்சேரியில் எழுதுவினைஞர். என் படிவங்களை எல்லாம் தன் முத்து முத்தான கையெழுத்தில் அவர்தான் நிரப்பினார். பயணத்துக்கு என்ன காரணம் சொல்வது என்று முடிவு செய்ததும் அவர்தான்.

"ஆர் கேட்டாலும் கல்யாண வீட்டுக்குப் போறம் எண்டு சொல்லு. படிப்பு, பாஸ்போட் எண்டு வாயத் துறந்திராத புள்ள."

"ஆருக்கும்மா கல்யாணம்?"

"ஆருக்காவது. அதையா கேக்கப் போறானுகள்?"

காரணம் இல்லாமல் இல்லை. எங்கள் ஒழுங்கையில் ஒருவர் வெளிநாட்டுக் கடிதத்தோடு இராணுவத்திடம் பிடிபட்டு மூன்று வாரம் உள்ளே இருந்தார். மற்றப் பக்கத்தாரான இயக்கத்தாருக்கும் தெரியக் கூடாது. வளர்ந்த பிள்ளையை நாட்டைவிட்டு அனுப்பும் வீடு என்று தெரிந்தால் அந்தப் பிள்ளையைக் கேட்டு அவர்களும் வந்து கதவைத் தட்டுவார்கள். எனவே ஒரு சாறிப் பெட்டி வாங்கி, அடி மட்டைக்குக் கீழே பாஸ்போட், அனுமதிக் கடிதம், பரீட்சைப் பெறுபேறு எல்லாவற்றையும் பரப்பி, மேலே ஒரு பட்டுச் சாறியை வைத்து, பூப்போட்ட கடதாசியில் சுற்றினோம். கல்யாணப் பரிசு!

புதன் அதிகாலை ஐந்து மணிக்குக் கல்லடிப் பாலத்தை நடந்து கடந்தோம். முதல் சோதனை அங்கேயே. ஐந்தே முக்காலுக்குப் பஸ். ரிக்கெற் ஆளுக்கு நூற்று அறுபது ரூபாய். கொழும்பு ஏறக்குறைய 310 கிலோமீற்றர். அன்று எங்களுக்குப் பிடித்தது பன்னிரண்டரை மணித்தியாலம். தூரத்துக்காக அல்ல, இறங்கி ஏறியதற்காக. ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் பைகளோடு இறங்கி, வரிசையில் நின்று, அடையாள அட்டையைக் காட்டி, பெயரைப் பதிந்து, எங்கே போகிறோம் என்று சொல்லி, அந்தப் பக்கம் நடந்துபோய் மறுபடி ஏற வேண்டும்.

ஆறாவது சாவடியில், ஒரு பெரிய பாலத்தடியில், பெண்களைத் தனியாக ஒரு தகரக் கூட்டுக்குள் விட்டுச் சோதித்தார்கள். உள்ளே இருந்த இராணுவப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். யாருக்குக் கல்யாணம் என்று கேட்டாள். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: "அக்காவுக்கு." தகரத்துக்கு வெளியேயும் அது கேட்டிருக்க வேண்டும். வெளியே வந்தால், மேசையில் பெட்டி திறந்து கிடக்கிறது. ஒரு சிப்பாய் சாறியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அம்மா பக்கத்தில் வெளிறிப்போய் நிற்கிறார்.

"தாய் சொல்றது தங்கச்சிட மகள். நீ சொல்றது அக்கா. எது பொய்?" என்றான், உடைந்த தமிழில்.

கடவுளே! அவன் பெருவிரல் பெட்டியின் அடி மட்டையில் இருந்தது. கொஞ்சம் அழுத்தினால் போதும்.

அப்போது கூட்டுக்குள் இருந்த பெண் எட்டிப் பார்த்து அவனுக்குச் சிங்களத்தில் சொன்னாள்: தாயின் தங்கச்சி மகள் இவளுக்கு அக்காதானே, எங்கள் வீடுகளிலும் அப்படித்தானே கூப்பிடுகிறோம்? அவன் சாறியைத் திரும்ப வைத்துவிட்டு, போ என்று கையைக் காட்டினான்.

பஸ்ஸில் ஏறியதும் அம்மா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் பதிந்து சிவந்துவிட்டது. இத்தனைக்கும் அம்மாவுக்குத் தங்கச்சியே கிடையாது.

மாலை ஆறே காலுக்குக் கொழும்பு. கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜ், அறை நானூறு ரூபாய். பொலிசில் பதிய வேண்டுமென்று முகாமையாளர் ஒரு தாளை நீட்டினார். வந்த காரணம்: கல்யாணம். கல்லடியிலிருந்து கணக்கெடுத்தால் அது பதினோராவது தடவை.

மறுநாள் தூதரகத்துக்குள் அம்மாவை விடவில்லை, வெளியே மரத்தடியில் நின்றார். உள்ளே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு நரைத்த அதிகாரி. கெட்ட மனிதர் இல்லை. என் படிவத்தைப் புரட்டிக்கொண்டே, பயணத்தின் நோக்கம் என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"கல்யாணம், சேர்."

சத்தியமாக என் வாய்தான் சொன்னது.

"யாருக்கு?"

"அக்காவுக்கு."

அவர் படிவத்தைத் திருப்பி, சகோதரர் இல்லை என்று அம்மா எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தார். மாணவ விசாவில் போய் அங்கே கல்யாணம் முடித்துத் தங்கிவிடுவதற்கு எத்தனை பேர் வந்திருப்பார்கள் அவரிடம்! ஐயோ, விசரி, போச்சுடி என்று உள்ளுக்குள் கத்தினேன். மறைக்க இனி ஒன்றும் இல்லை. வீட்டிலிருந்து இந்தக் கதிரை வரைக்கும் இதே கேள்வியைப் பதினொரு தடவை கேட்டார்கள், பதினொரு தடவையும் இதைத்தான் சொன்னேன், பழகிவிட்டது என்று அழுதுகொண்டே சொன்னேன்.

அவர் பேனையை வைத்தார். "அப்படியென்றால், வீட்டுக்குத் திரும்பிப் போகப் பயமா?"

ஆம் என்றால், இவள் திரும்பி வரமாட்டாள் என்று மறுத்துவிடுவார். இல்லை என்றால், அது அந்தப் பதினொன்றையும் விடப் பெரிய பொய்.

"பயமில்லை, சேர்" என்றேன்.

அவர் மறுபடி பேனையை எடுத்தார். பிறகு படிப்பைப் பற்றிக் கேட்டார். எங்கள் ஊர் வாவியில் இறால் எந்த மாதத்தில் குறைகிறது, ஏன் குறைகிறது என்று பத்து நிமிடம் கொட்டித் தீர்த்தேன். வெள்ளி மூன்று மணிக்கு விசாவோடு பாஸ்போட் கையில் கிடைத்தது.

விமானம் எட்டு நாளில். என்னை அந்தப் பாதையில் மறுபடி கொண்டுபோக அம்மா துணியவில்லை. வெள்ளவத்தையில் தன் கூட்டாளி வீட்டில் விட்டார்.

"வரக்குள்ள சாவடியில ரெண்டு பேரெண்டு பதிஞ்சிரிக்கும்மா. மகள் எங்க எண்டு கேட்டா?"

"கல்யாணமே உனக்குத்தான் எண்டு சொல்றன். பொண்ணக் கட்டிக் குடுத்திட்டுத் தாய் தனியத்தானே வருவாள்?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஞாயிறு பஸ் ஏறினார். திங்கள் கச்சேரிக்குத் தொலைபேசி எடுத்தேன், வேலைக்கு வரவில்லை என்றார்கள். செவ்வாயும் இல்லை. புதனும் இல்லை. சோறு தண்ணி இறங்கவில்லை. பாஸ்போட்டைக் கிழித்தெறிந்துவிட்டு ஊருக்குப் போவோமா என்றுகூட நினைத்தேன். வியாழன் அம்மாவின் குரல் கேட்டது.

"ஒண்டுமில்ல புள்ள. மூண்டு நாள் வச்சிருந்து உட்டவனுகள். மாப்பிள்ளைட பேரத்தான் திரும்பத் திரும்பக் கேட்டானுகள். நாம அத யோசிக்கல்லையே."

அதற்கு மேல் இன்றுவரை அவர் சொன்னதில்லை. நான் விமானம் ஏறிவிட்டேன்.

இனி நீங்கள் கேட்டது. படிவத்தின் ஒரு பிரதியை வைத்துக்கொண்டு, அதில் உள்ளதையே சொல்லிப் பழகுங்கள். ஒரு நாள் முன்னதாகவே போய்விடுங்கள். படிக்கப் போகும் பாடத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசத் தெரிந்திருக்க வேண்டும். திரும்பிப் போகப் பயமா என்று கேட்டால் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியாது, நான் பொய்தான் சொன்னேன். இன்னொன்று: உங்களோடு வருபவர் தனியே எப்படித் திரும்பிப் போவார் என்பதையும் உட்கார்ந்து யோசியுங்கள். நாங்கள் என் பயணத்தை மட்டும்தான் யோசித்தோம்.