லோவில் கிடந்த கியர் பாக்ஸ்

மலை இறக்கத்தில் தலைகால் தெரியாமல் பறந்துதான் தம்பி செத்தான் என்று ஊரே சொன்னது. மெக்கானிக்கான அண்ணனும் ஆமாம் போட்டார். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

நொறுங்கிக் கிடந்த தம்பியின் பழைய ஃபோர் வீல் டிரைவ் காரின் கியர் பாக்ஸை வேறொரு வண்டிக்கு மாட்டக் கழற்றினார். வேகத்துக்கு ஹை, மெதுவான இழுவைக்கு லோ என்று இரண்டும் உள்ள பாக்ஸ்தானா என்று பார்க்க, ஒரு முனையைக் கையால் சுற்றி, மறுமுனை எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணினார். ஆமையாக நகர்ந்தது. லோவிலேயே கிடந்தது.

லோவில் வண்டி பறக்காது; எஞ்சினே இழுத்துப் பிடிக்கும். தார் ரோட்டு இறக்கத்தில் லோவைப் போடுகிறவன் பிரேக்கை நம்பாதவன்.

"நம்ம வண்டிக்கு இதே பாக்ஸ்தானாண்ணே?" என்றார் அதை மாட்ட வந்திருந்த வண்டிக்காரர்.

"இதேதான்."

போன மாதம், "பிரேக் சரியில்லண்ணே" என்று தம்பி வந்து நின்றபோதும் இதே குரலில்தான் அண்ணன் சொல்லியிருந்தார்: "எல்லாம் சரியாத்தான் இருக்கு, போடா."