பசைச் சட்டியின் கரி

என் வீட்டுக் கொல்லையில் ஓர் அலுமினியச் சட்டி கவிழ்ந்து கிடக்கிறது. அடி முழுக்கக் கரி. தேனியில் எங்கள் வாரப் பத்திரிகை அலுவலகத்தில் மைதா பசை காய்ச்சிய சட்டி. தபாலில் போகும் பிரதிகளில் விலாசத் தாள் சுற்றி ஒட்டப் பசை வேண்டும். பக்கம் அமைப்பதும் நான், பசை காய்ச்சுவதும் நான். தொண்ணூறுகளின் கடைசியில் அதுதான் என் பிழைப்பு.

எடிட்டர் ஐயா கடிதப் பைத்தியம். மயிலாடும்பாறையிலிருந்து யாரோ ஒருவர் மழையில்லை என்று நாலு வரி எழுதினாலும், அன்றே கைப்பட ஒரு கார்டு போய்விடும். மொட்டைக் கடிதம் மட்டும் ஆகாது. முன்பொரு மொட்டைக் கடிதத்தை நம்பி ஒரு டீச்சரைப் பற்றி எழுதிவிட்டார். அது பொய்யென்று தெரிவதற்குள் அந்தம்மா ஊரை விட்டே போய்விட்டார். அதிலிருந்து உறையின்மேல் அனுப்பியவர் பெயர் இல்லையென்றால் பிரிப்பதே இல்லை. நேரே என் அடுப்புக்குத்தான். "மொட்டைக்கு இங்கன இடம் கெடையாது தாயி" என்பார்.

அவருக்கு ஒரே மகள். மலைக்கு மேலே கட்டப்பனைப் பக்கம் ஒரு மலையாளப் பையனைக் கட்டிக்கொண்டு போனதில் பேச்சு நின்றுவிட்டது. ஊருக்கெல்லாம் எழுதிய மனுஷன் பெற்ற பிள்ளைக்கு ஒரு வரி எழுதவில்லை. "அவளா எழுதட்டும். ஒத்த வரி வந்தாப் போதும், அன்னைக்கே பஸ் ஏறிருவேன்." என்ன வீம்போ! தபால் வந்ததும் ஒவ்வோர் உறையாகக் கையெழுத்தைப் பார்ப்பார். "இன்னைக்கும் வரல" என்று சொல்லிவிட்டு, பெயரில்லாதவற்றை அடுப்பில் செருகிவிட்டுப் போவார். பிறகு அந்த 'வரல'வையும் சொல்லாமல் விட்டார்.

நெஞ்சுவலி வந்து ஒரே நாளில் போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்த மறுநாள் மகள் அலுவலகத்துக்கு வந்தார். நான் கடைசி இதழுக்குப் பசை காய்ச்சி இறக்கியிருந்தேன்.

"அக்கா, வருசக்கணக்கா கடுதாசி போட்டேனே. அப்பா ஏன் பதிலே போடல?"

ஒன்றும் வரவில்லையே அம்மா என்றேன்.

"எம்பேரப் பாத்தா பிரிக்காமத் திருப்பி அனுப்பிருவாகன்னு பேரு போடல. கையெழுத்தும் தெரியக்கூடாதுன்னு பக்கத்து வீட்டுச் சேச்சிய வச்சு இங்கிலீஷ்ல விலாசம் எழுதுனேன். ஏலக்காய் லோடு கொண்டு வர்ற டிரைவர்கிட்டக் குடுத்து, கேரளா முத்திரை விழாம இருக்கப் போடியில போடச் சொன்னேன்."

அட கடவுளே! பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அடுப்பைக் காட்டினேன்.

அடுப்பருகே போய்க் குனிந்து பார்த்தார். "உள்ள பெருசா ஒண்ணுமில்லக்கா. ஒருதடவ வந்துட்டுப் போங்கப்பான்னுதான் எழுதுனேன்" என்றார். ஆறியிருந்த சட்டியைத் தூக்கி, அதன் அடியைத் தடவிப் பார்த்தார். விரலில் ஒட்டிய கரியைத் துடைக்காமலே பஸ் ஏறிப் போனார். அப்புறம் இந்தப் பக்கம் வரவே இல்லை.

பத்திரிகை நின்றது. அந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. நேற்று மருமகள் புளியும் சாம்பலுமாக இந்தச் சட்டியைத் தேய்க்க உட்கார்ந்தாள். "வை கீழே" என்று கத்திவிட்டேன். பாவம், மிரண்டு போனாள். அவளுக்கு என்ன தெரியும்.