சோளகத்தில் ஓடிய ஒரே வள்ளம்

எழுபதுகளின் தொடக்கத்தில் நெடுந்தீவுத் தபால் கந்தோரில் வேலை பார்த்தேன். சொந்த ஊர் சரவணை. அம்மா நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்து ஆறு மாதம். வேறு உறவென்று யாரும் இல்லை. தீவுக்கு வரும் கடிதங்களுக்கெல்லாம் முத்திரை குத்துவேன். ஒன்றிலும் என் பெயர் இராது.

அம்மா போன பிறகு எனக்கும் நெஞ்சு நோகத் தொடங்கியது. முத்திரை குத்துவதும் நாடியைப் பிடித்துப் பார்ப்பதுமாகப் பகல் கழியும். மூன்று முறை கடல் கடந்து அக்கரை ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒவ்வொரு முறையும் சோதித்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்றார்கள். கேட்டதும் நிம்மதியாக இருக்கும். திரும்பி வந்து அறைக் கதவைத் திறந்ததும் மறுபடி நோகும்.

நான்காம் முறை, சோளகக் காற்று அடிக்கும் காலம். கடல் குழம்பிக் கிடந்தது. ஒரேயொரு மோட்டார் வள்ளக்காரர்தான் ஓடத் துணிந்திருந்தார். காலையில் அவரிடம் ஓடினேன்.

"அண்ணை, எனக்கு ஏலாது. இப்பவே கொண்டுபோகாட்டி செத்துப்போவன்."

மற்ற ஆட்களுக்காகக் காத்திராமல் என்னை மட்டும் ஏற்றிக்கொண்டு போனார். டாக்டர் பழைய பாட்டையே பாடினார்.

பின்னேரம் திரும்பினால், இறங்குதுறையில் ஒரு சாக்குக் கட்டிலில் இளம்பெண் ஒருத்தி முனகிக்கொண்டு கிடந்தாள். பிள்ளைப்பேற்றில் சிக்கல். நாங்கள் புறப்பட்டு அரை மணியில் கொண்டுவந்துவிட்டு, இந்த வள்ளத்துக்காக வெயிலில் காத்திருந்திருக்கிறார்கள். அவளுடைய தாய் கிட்ட வந்தார். ஏசப்போகிறார் என்று தலையைக் குனிந்தேன்.

"உமக்குக் கடுமையெண்டு கொண்டுபோனவையாம். இப்ப சுகமோ தம்பி?"

"ஓம் அம்மா, ஒண்டுமில்லை" என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டு, மகளோடு வள்ளத்தில் ஏறினார்.

மறுநாள் கந்தோருக்கு ஒரு தந்தி வந்தது. தாயும் பிள்ளையும் சுகம். அதை வேறு யாரிடமும் கொடுக்காமல், அவர்கள் வீட்டுக்கு நானே கொண்டோடினேன். வழியில் ஒருமுறைகூட நாடியைப் பிடித்துப் பார்க்க நினைவு வரவில்லை.

அந்தக் கடலை நான்கு முறை கடந்தது "இப்ப சுகமோ" என்று யாராவது கேட்பார்களா என்றுதான் போலும். அதை, நான் வெயிலில் காக்க வைத்த ஒரு தாயின் வாயிலிருந்து கேட்க நேர்ந்தது இன்றுவரை நெஞ்சில் உண்மையாகவே நோகிறது.