தின்னர் மூச்சு

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். போன ஐப்பசி மழையில், ஒரகடத்தில், எனக்கே நடந்தது இது. ஒரு வார்த்தையும் கூட்டிச் சொல்லவில்லை.

நான் ஜாஸ்மின். வாயு மீட்டர் செய்யும் சின்னக் கம்பெனியில் கெமிஸ்ட். எங்கள் மீட்டருக்குள் இருப்பது ஒரு கிராஃபீன் பட்டை. அதன்மேல் சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற வளைய மூலக்கூறுகளைச் சேர்த்திருப்போம். ஒவ்வொரு வளையத்தின் நடுவிலும் குழி. பெயின்ட் தின்னர் ஆவி அந்தக் குழியில் போய் உட்கார்ந்தால் மின்னோட்டம் மாறும். மீட்டர் கத்தும்.

அன்று சோதித்தது ஒரு பழைய பெயின்ட் ஷெட். தரைக்கடியில், தார் பூசி மூடிய தொட்டி. மறுநாள் அதில் ஆட்கள் இறங்க வேண்டும். நான் சரி என்றால்தான் இறங்கலாம்.

மாலை 6.10. வெளியே குன்றத்தூர் பஸ் ஹாரன் அடித்தது. தொட்டி மூடிமேல் மீட்டரை வைத்தேன். சத்தம் இல்லை.

"க்ளீனா கீது. ஓகே சொல்லிடும்மா" என்றார் சூப்பர்வைசர் ரகுபதி.

மீட்டரோடு ஷெட்டை ஒரு சுற்று வந்தேன். தூரத்து மூலையில்... பீப்.

வெறும் சுவர். கீழே குனிந்தேன். எண் ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது. புதுப் பட்டை மாற்றினேன். அதேதான்.

யாரோ உட்கார்ந்து மூச்சு வாங்குவதுபோல.

"மீட்டர் கெட்டுப்போச்சு. வா, போலாம்." அவர் குரல் நடுங்கியது.

"நீங்க போங்க சார். நான் வரல."

போய்விட்டார்.

மண்டியிட்டேன். பீப்... பீப்... கன்னத்தில் சூடாக ஏதோ பட்டது. தின்னர் நாற்றம்.

எழுந்திருக்கவில்லை.

"யாரா இருந்தாலும் சரி. இங்கதான் இருப்பேன்."

பீப்...

பீப்...

நின்றது.

மேனேஜருக்குப் போன் செய்தேன். "ஓகே சொல்ல மாட்டேன். தொட்டியைத் திறந்து உள்ள மீட்டர் வச்சுப் பாக்காம யாரும் இறங்கக் கூடாது."

"வேலை போயிடும்மா."

"போகட்டும் சார்."

மறுநாள் தீயணைப்புக்காரர்கள் முகமூடி போட்டுத் திறந்தார்கள். அடிவரை ஆவி. இறங்கியிருந்தால் ஒருவரும் ஏறியிருக்க மாட்டார்கள். ஆனால் தார் மூடியில் கசிவே இல்லை என்றார்கள். அந்த மூலைக்கு ஆவி எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

ஒரு வாரம் கழித்து, ஷெட் பெருக்கும் ரத்னா அக்கா சொன்னார்.

"மூணு வருசம் முன்னாடி இளம்பரிதினு ஒருத்தரு தொட்டிக்குள்ள மயங்கிட்டாரு. தூக்கியாந்து அந்த மூலைல சாய்ச்சாங்க. உசுரு இருந்துச்சு. மூச்சு வாங்கிக்கினே கெடந்து, ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள போய்ட்டாரு."

"கூட யாரு இருந்தாங்க?"

"பயந்துகினு எல்லாம் வெளிய ஓடிட்டாங்க. ஒருத்தரும் கிட்ட போவலம்மா."