எட்டு பத்துக்குத் தியானம்

என் இதயத்தில் ஒரு வால்வு சின்ன வயதிலிருந்தே சரியாக மூடாது. என் வாயும் அப்படித்தான். அதற்குத்தான் இதுவரை யாரும் வைத்தியம் பார்க்கவில்லை.

போன ஆடியில் படபடப்பு அதிகமாகிவிட்டது. மயிலாப்பூர் டாக்டர் நெஞ்சில் ஐந்தாறு ஒயர்களை ஒட்டி, இடுப்பில் ஒரு குட்டி மிஷினைக் கட்டிவிட்டார். ஒரு நாள் முழுக்கத் துடிப்பைப் பதிவு பண்ணுமாம். கூடவே ஒரு தாள். எத்தனை மணிக்கு என்ன செய்தேன் என்று நானே எழுத வேண்டும்.

“கையை ரொம்ப ஆட்டாதீங்கம்மா. ரிப்போர்ட் மோசமா வந்தா ஹார்மோன் மாத்திரையை நிறுத்த வேண்டியிருக்கும்.”

அந்த மாத்திரை ஆரம்பித்த பிறகுதான் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே முகம் கழுவப் பழகினேன். அதற்கு முன்பெல்லாம் குனிந்து கழுவிவிட்டு ஓடிவிடுவேன்.

ஆகவே ஒரு நாள் மட்டும் சாந்த சொரூபியாக இருப்பது என்று முடிவு. ஆட்டோக்காரர் இரண்டு மடங்கு கேட்டபோதுகூடச் சிரித்தேன். அவர் பயந்துபோய்த் தானாகவே குறைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை, மிஷினைக் கழற்ற இன்னும் மூன்று மணி நேரம். அதுவரை வீட்டில் கிடந்திருக்கலாம். வஞ்சிரத்தை நினைத்துக்கொண்டு நொச்சிக்குப்பம் மீன் சந்தைக்குப் போனேன்.

“இன்னா யக்கா, இடுப்புல ரேடியோ கட்டிகினு கீற?” என்றாள் நான் வழக்கமாக மீன் வாங்கும் தங்கச்சி. “யாவாரமே டல்லா கீது. ஒரு தபா கை தட்டி வாழ்த்திட்டுப் போயேன்.”

திருநங்கை கை தட்டி வாழ்த்தினால் ராசி என்று நம்புகிற பெண்ணிடம் எப்படி மறுப்பது? தட்டினேன். பக்கத்துக் கூடைக்காரி விடுவாளா?

“அவளுக்கு மட்டும்தானா? நாங்க இன்னா கருவாடா விக்கிறோம்?”

ஏழு கூடை. ஏழு பேருக்கும் விரல்களை விரித்து, உள்ளங்கையோடு உள்ளங்கை குறுக்கே மோத, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி எங்கள் தட்டு. வீட்டுக்கு வந்து தாளைப் பார்த்தேன். கையை ஆட்டாதே என்றாரே! நைஸாக எழுதினேன்: எட்டு பத்து, தியானம்.

இரண்டு நாள் கழித்து டாக்டர் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். சீராகப் போய்க்கொண்டிருந்த கோடு, எட்டு பத்துக்குப் பேய் பிடித்து ஆடியது.

“தியானம் பண்றப்ப இப்படி ஆகியிருக்கு. ஆபத்தான துடிப்பு மாதிரி தெரியுது. இன்னிக்கே அட்மிட் ஆயிடுங்க. மாத்திரையையும் நிறுத்திடலாம்.”

“சார், அது தியானம் இல்ல சார்.”

“பின்ன?”

“கை தட்டினேன்.”

“யாருக்கு?”

“ஏழு மீன்காரிக்கு.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். என்னைப் படுக்க வைத்து, திரும்ப ஒயர் ஒட்டச் சொன்னார். “இப்ப தட்டுங்க.”

எனக்கு வெட்கம். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் தட்டுகிற மாதிரி மெல்லத் தட்டினேன். கோடு லேசாக நெளிந்தது, அவ்வளவுதான்.

“இதுதானா அது?”

மாத்திரை போய்விடும் என்ற பயத்தில் வெட்கம் பறந்தது. படுத்தபடியே விட்டேன் பாருங்கள், ஏழு கூடைக்கும் சேர்த்து! நர்ஸ் டிரேயைக் கீழே போட்டுவிட்டாள். திரையில் அதே பேய், அதே ஆட்டம்.

கதவுக்கு வெளியே ஒரு மாமியின் குரல்: “ஏன்னா, யாரோ ஆசீர்வாதம் பண்ண வந்திருக்கா போலருக்கு. சில்லறை வெச்சுண்டிருக்கேளா?”

டாக்டர் சிரிப்பை அடக்க இருமினார். தாளில் தியானத்தை அடித்துவிட்டு, ‘கை தட்டல்’ என்று தன் கையாலேயே எழுதினார். “ஆடினது ஒயர்தான், இதயம் இல்ல. மிச்ச நேரமெல்லாம் பரவால்ல. மாத்திரையைத் தொடருங்க. வால்வு இருக்கிறபடிதான் இருக்கு, மூணு மாசத்துல வந்து காட்டணும். அடுத்த தடவை உண்மையை எழுதுங்கம்மா.”

வெளியே வந்தால் மாமி பத்து ரூபாயோடு தலையைக் குனிந்து நிற்கிறார். நானும் உங்களை மாதிரி ஹார்ட் பேஷண்ட்தான் மாமி என்று சொல்ல வாயெடுத்தேன். அவ்வளவு பவ்யமாகக் குனிந்த தலையை என்ன செய்வது? கையை வைத்து, நல்லா இருங்க என்றேன்.

“தட்டலையா?” என்றார் ஏமாற்றமாக.

“டாக்டர் உள்ளதான் இருக்கார் மாமி. தட்டலாம்னு அவர்கிட்ட சீட்டு எழுதி வாங்கிண்டு வாங்கோ.”